எல்லாரும் குளிக்கப் போனா வேனை யார் பாத்துக்கிறது? ஸ்ரீவில்லிபுத்தூர் டூ ராஜபாளையம் ஒரு ட்ரிப்!

எந்தச் சனிக்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் பக்கம் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ராத்திரி முழுக்க ஓடி வந்த சுற்றுலா வேன் ஒன்று ஓரமாக நிற்கும். ஜன்னல் கம்பியில் ஈரத்துண்டு காயும். மேலே கேரியரில் தார்ப்பாய் போர்த்தி, கயிறு போட்டு இறுக்கிய கேஸ் ஸ்டவ், இட்லிப் பானை, சுருட்டிய பாய்கள். டிரைவர் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே பல் தேய்ப்பார். உள்ளே இருந்து ஒரு குரல் வரும்: "எல்லாரும் இறங்கிட்டா எப்படி? பையெல்லாம் உள்ளதான இருக்கு!"

வெளிநாட்டில் மோட்டார் ஹோம் என்று ஒன்று உண்டு. படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வைத்த சக்கர வீடு. நமக்கோ கேரவன் என்றாலே ஷூட்டிங் ஸ்பாட்டும் நடிகர்களும்தான் ஞாபகத்துக்கு வரும். பக்கத்து மாநிலமான கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. ஆனால், கேரவன் என்ற பெயர் இல்லாமலேயே நம்மவர்கள் பல வருடங்களாக வேனில் குடும்பம் நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனி, ஆடியில் குற்றாலம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை. வேனிலேயே தூக்கம், ரோட்டோரம் சமையல், கண்ட இடத்தில் குளியல்.

இந்த இரண்டு கூட்டமும் கடக்கும் பாதைகளில் முக்கியமானது திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை. மதுரைப் பக்கமிருந்து வந்தால் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் ராஜபாளையம், அப்புறம் தென்காசி. மேற்கே பார்த்தால் வழி முழுக்கத் தொடர்ச்சி மலை கூடவே வரும்.

சரி, அந்த வேனுக்குள் என்னதான் இருக்கிறது? 16 பேர் போகிறார்கள் என்றால் குறைந்தது 12 செல்போன். லாட்ஜுக்கும் சாப்பாட்டுக்கும் எல்லாரிடமும் வசூலித்த பொதுப் பணம். பாட்டியின் பிரஷர் மாத்திரை. மருமகள் அருவியில் குளிக்கப் போகும்போது கழற்றிக் கொடுக்கப்போகும் தாலிச்சங்கிலி. இத்தனையையும் காப்பது ஒரு ஸ்லைடிங் கதவு. ஒழுங்காகச் சாத்தாவிட்டால் அதுவும் தானாகத் திறந்துகொள்ளும்.

கோயில் வாசலில் முதல் சோதனை

ஆண்டாள் கோயிலின் 11 நிலை ராஜகோபுரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தமிழக அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்று ஊரே பெருமைப்படும். ஒருபக்கம் வடபத்ரசாயி சந்நிதி, இன்னொரு பக்கம் ஆண்டாள் சந்நிதி, நடுவில் ஆண்டாள் அவதரித்ததாகச் சொல்லும் நந்தவனம். நிதானமாகச் சுற்றினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு மணி நேரம்தான் வேனுக்கு ஆபத்தான நேரம்.

தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. அதன்பிறகு கோயிலுக்குப் போகும் பலர் செய்வது ஒன்றுதான். போனை வேனிலேயே வைத்துவிடுவார்கள். 12 போனும் ஒரே கட்டைப்பையில், சீட்டுக்கு அடியில். செருப்பும் அங்கேயே. கோயிலில் போன் வைக்கும் கவுன்ட்டர் இருந்தால் சில ரூபாய் போனாலும் அங்கே கொடுத்து டோக்கன் வாங்குவதுதான் நல்லது. ஒரு பையைத் தூக்கினால் மொத்தக் குடும்பத்தின் பேங்க்கும் போட்டோவும் போய்விடும் என்ற நிலைமையை நாமே ஏன் உண்டாக்க வேண்டும்?

இந்த ஊரிலிருந்து வண்டியேறிப் போகும் பொருள்களிலேயே அதிக ஜாக்கிரதையாகப் போவது தங்கம் இல்லை, பூமாலை! ஆண்டாள் சூடிக் களைந்த மாலை, புரட்டாசி பிரம்மோற்சவ கருட சேவைக்குத் திருப்பதிக்குப் போகிறது. சித்திரையில் மதுரையில் ஆற்றில் இறங்கும் அழகருக்கும் இங்கிருந்துதான் மாலை. கூடவே கிளி, பட்டு. மாலை பத்திரமாகப் போய்ச் சேர்வதற்குக் காரணம் பூட்டு இல்லை. அது யார் கையில் இருக்கிறது என்பது கிளம்பும் முதல் நிமிடத்திலிருந்தே எல்லாருக்கும் தெரியும். நம் வேனில் அதுதான் தெரியாது. "பையை நீ எடுத்தியா?" "நீங்க எடுத்தீங்கன்னு நெனச்சேன்!"

ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது வந்தால் கதையே வேறு. கூட்டத்தில் நிற்கும் பெண்கள் சங்கிலியை ஊக்கு போட்டு ரவிக்கையோடு சேர்த்துக் குத்திக்கொள்வார்கள். மைக்கில் போலீஸ் எச்சரிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்றரை ரூபாய் ஊக்கு செய்யும் வேலையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

தரிசனம் முடிந்தால் அடுத்து பால்கோவா. பாலும் சர்க்கரையும் சுண்டச் சுண்டக் கிண்டியது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. கடைக்காரர் கட்டிக்கொடுக்கும் பெட்டிகளை அடுக்க டிக்கியைத் திறக்கும் அந்த இரண்டு நிமிடத்தையும் கவனியுங்கள். வேனில் எது எங்கே இருக்கிறது என்று வேடிக்கை பார்ப்பவர்களுக்கு நாமே கண்காட்சி வைக்கும் நேரம் அது. முடிந்தால் பால்கோவாவைத் திரும்பி வரும்போது வாங்கலாம். வெயிலில் நிற்கும் வேனில் அது தாங்காது. எறும்புக்குப் பூட்டும் கிடையாது.

பத்து ரூபாய் நோட்டு கீழே கிடந்தால்...

வண்டியிலிருந்து திருடுபவர்கள் எல்லாரும் பூட்டை உடைப்பதில்லை. தமிழகத்தில் எந்த ஊருக்கும் பொருந்தும் பழைய தந்திரங்கள் சில உண்டு. வண்டி பக்கத்தில் பத்து ரூபாய் நோட்டுகளைச் சிதறவிட்டு, "சார், உங்க பணமா?" என்பது ஒன்று. "டயர்ல காத்து இல்ல", "ஆயில் ஒழுகுது" என்று கை காட்டி டிரைவரை இறங்க வைப்பது இன்னொன்று. சட்டையில் எதையோ தெளித்துவிட்டு, கழுவத் தண்ணீர் கொடுக்கும் நல்லவர் மூன்றாவது. டிரைவர் குனியும் அந்த நேரத்தில் மறுபக்கக் கதவு திறந்திருக்கும். யாராவது கூப்பிட்டால் இறங்குவதற்கு முன் சாவியை எடுங்கள், கதவைச் சாத்துங்கள், அப்புறம் டயரைப் பாருங்கள். ரிமோட்டில் பூட்டினாலும் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நகர்வது நல்லது.

கண்ணாடியை உடைப்பவர்கள் ஏதாவது தெரிந்தால்தான் உடைக்கிறார்கள். சீட்டில் கிடக்கும் லேப்டாப் பை வெறும் பையாகவே இருக்கலாம். அது வெளியில் நிற்பவருக்குத் தெரியாதே. அதனால் ஜன்னலுக்குத் திரை போட்டு, சீட்டில் ஒன்றுமில்லாமல் விடுவதுதான் முதல் பூட்டு. சொந்தமாக வேன் வைத்துப் படுக்கை வசதி செய்துகொள்பவர்கள், சின்ன இரும்புப் பெட்டி ஒன்றை சீட்டுக்கு அடியில் வண்டியின் தரையோடு போல்ட் போட்டு முடுக்கிவிடலாம். போல்ட் போடாத பெட்டி, திருடுபவருக்குக் கைப்பிடி வைத்துக் கொடுத்த மாதிரி. வண்டியின் அமைப்பையே மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ அனுமதி வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

வத்திராயிருப்பு பக்கம் சதுரகிரிக்குத் திரும்புபவர்களுக்கு இன்னொரு எதிரி. தாணிப்பாறை அடிவாரத்தில் வேனை விட்டுவிட்டு மலையேறினால் இறங்கி வரப் பல மணி நேரம் ஆகும். குரங்குகள் நகையைத் தேடுவதில்லை, பிஸ்கட்டைத் தேடுகின்றன. ஆனால், பிஸ்கட்டும் பர்ஸும் ஒரே பையில் இருந்தால் அதற்கு என்ன தெரியும்? 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதி இது. வனத்துறை சொல்லும் நேரத்துக்குள் ஏறி இறங்கியே ஆக வேண்டும்.

காவலுக்குப் பேர்போன ஊர்

ராஜபாளையம் என்றதும் பஞ்சாலை, மாம்பழம், அப்புறம் நாய். 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் ஊரின் முகத்தையே மாற்றியது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். தன் வீட்டையே பொதுவுக்கு எழுதிக் கொடுத்தவர். அதுதான் இன்றைய காந்தி கலை மன்றம். நகைக்கு எத்தனை பூட்டு என்று யோசித்துக்கொண்டு வருகிறவர்கள் அந்தப் பக்கம் ஒரு எட்டு போய்விட்டு வரலாம்.

வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, ஒல்லி இடுப்பு. ராஜபாளையம் நாய்க்கு 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல்துறை தபால்தலையே வெளியிட்டது. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம். வளர்ப்பவரைத் தவிர வேறு யாரையும் லேசில் அண்டவிடாது. இதைக் கேட்டுவிட்டு, "குட்டி ஒண்ணு வாங்கி வேன்ல விட்டுட்டா போதுமே" என்று கிளம்புபவர்கள் உண்டு. வேண்டாம். ஓடுவதற்கென்றே பிறந்த நாய் அது, மூடிய வேனுக்குள் அடைபடுவதற்கு இல்லை. வெயிலில் நிற்கும் வண்டியின் உள்ளே சில நிமிடங்களிலேயே சூடு ஏறிவிடும். நாய் உயிருக்கே ஆபத்து. அதோடு, சுத்த வெள்ளைக் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாங்குபவர்கள் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது அதற்காகத்தான்.

நாய் இல்லை, சரி. அப்போது வேனுக்குக் காவல் யார்?

முடங்கியார் சாலையில் மேற்கே போனால் மலையடிவாரம், அய்யனார் கோயில், அருவி. மழைக்காலத்தில் தண்ணீர் திடீரென்று பெருகும் என்பதால் வனத்துறை அடிக்கடி தடை போடும்; விசாரித்துவிட்டுத்தான் போக வேண்டும். அனுமதி இருக்கும் நாளில் வேனை நிறுத்திவிட்டு எல்லாரும் துண்டோடு இறங்குவார்கள். அங்கேதான் அந்தக் கேள்வி மறுபடி வரும். "யாராவது ஒருத்தர் வண்டியில இருங்க."

அந்த யாராவது ஒருத்தர் பெரும்பாலும் யார் என்று எல்லாருக்கும் தெரியும். முட்டி வலிக்கிற பாட்டி. இல்லையென்றால் கைக்குழந்தை வைத்திருக்கும் மருமகள். இல்லையென்றால் "எனக்குக் குளிரும், நீங்க போங்க" என்று தானாகவே சொல்லிவிடும் அம்மா. மடியில் நான்கு பேரின் சங்கிலியையும் கட்டிய கைக்குட்டை. ஃபேன் ஓடாத வேனில், சத்தம் மட்டும் கேட்கும் அருவி. குற்றாலத்துக்கு ஆறு முறை போய் ஒருமுறைகூட மெயின் அருவியில் தலை நனைக்காத அம்மாக்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். ஊர் திரும்பியதும் போட்டோவில் அவர்கள் இருக்க மாட்டார்கள். எதுவும் திருடு போகாவிட்டாலும் வேனிலேயே உட்கார்ந்து அவர்கள் இழந்த பயணத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இதற்கு ஒரே வழி, காக்க வேண்டிய பொருளைக் குறைப்பது. தாலிச்சரடு தவிர மற்ற நகையை ஊரிலேயே பேங்க் லாக்கரில் வைத்துவிட்டு வரலாம். கொள்ளை, தீ விபத்து, ஊழியர் மோசடி போன்றவற்றில் லாக்கர் பொருள் போனால் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அது முழு நகைக்கும் ஈடாகாதுதான். ஆனாலும், வேன் சீட்டுக்கு அடியில் கிடக்கும் கட்டைப்பைக்கு அந்த அளவு பொறுப்புகூட யாரும் ஏற்க மாட்டார்கள். ஆர்.சி, லைசென்ஸை டிஜிலாக்கரில் காட்டினால் செல்லும் என்பதால் ஒரிஜினலையும் டேஷ்போர்டில் திணிக்க வேண்டாம். மிச்சம் இருப்பது பணமும் போனும். அதற்குக் காவல் இருக்க ஆளுக்கு அரை மணி நேரம் முறை வைக்கலாம். முதல் முறை சித்தப்பாவுக்கு!

போய்விட்டால்?

வண்டி இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. சாதாரண மோட்டார் பாலிசி வண்டிக்கும் அதில் பொருத்திய பாகங்களுக்கும்தான். உள்ளே வைத்த பொருளுக்குத் தனியாக ஆட்-ஆன் எடுக்க வேண்டும். அதிலும் பணம், நகையைப் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள்.

திருடு போனது தெரிந்தால் முதலில் 112. "அது எங்க லிமிட் இல்ல" என்ற பதிலுக்கு இப்போது இடமில்லை. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ் சட்டத்தின் 173-வது பிரிவு சொல்கிறது. ராஜபாளையத்தில் போனது தென்காசியில்தான் தெரிந்தது என்றாலும் அங்கேயே கொடுக்கலாம். பயணிகள் வாகனத்திலிருந்து பொருளைத் திருடினால் பி.என்.எஸ் 305-வது பிரிவின் கீழ் 7 ஆண்டுகள் வரை சிறை. போன் போயிருந்தால் சிம்மை பிளாக் செய்துவிட்டு, புகார் நகலோடு 'சஞ்சார் சாத்தி' தளத்தில் ஐ.எம்.இ.ஐ எண்ணைக் கொடுத்து போனையே முடக்கலாம். பணம் எடுக்கப்பட்டிருந்தால் 1930. *#06# அழுத்தி எல்லார் போனின் ஐ.எம்.இ.ஐ எண்ணையும் கிளம்பும் முன்பே ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ராஜபாளையம் தாண்டினால் சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று தென்காசி வரை ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். கார்த்திகை மாத ராத்திரிகளில் இந்த வழியில் வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க், டீக்கடை ஓரமெல்லாம் மாலை போட்ட வேன்கள் ஓய்வெடுக்கும். அனுபவமுள்ள டிரைவர்கள் இருட்டில் ஒதுங்க மாட்டார்கள். கதவுப் பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு, பொதுப் பணம் குருசாமியின் இடுப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிட்டு, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டீயரிங்கில் கால் நீட்டிப் படுத்துவிடுவார்கள்.