பெட்டிமுடிக்கு அப்பால்

மூணாறுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ராஜமலைக்கும் போய்வருவார்கள். வரையாட்டைப் பார்க்க வேண்டும். மேகம் விலகினால் 2,695 மீட்டர் உயர ஆனைமுடியை ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வனத்துறை வண்டி மேலே ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும். அந்தத் திசையிலேயே இன்னும் உள்ளே போனால் பெட்டிமுடி. தேயிலைத் தோட்டத்தின் கடைசிப் பகுதி அது. வெகுகாலம் வரை வண்டிச் சாலையும் தேயிலையும் அங்கே ஒன்றாகவே முடிந்தன. அதற்கு அப்பால் காட்டுக்குள் இறங்கும் பாதையில் இருக்கிறது இடமலக்குடி.

ஊர் என்று ஒருமையில் சொல்வது நம் வசதிக்குத்தான். சுமார் 100 சதுர கிலோமீட்டர் காட்டில், சோலைக்கும் ஆற்றுக்கும் இடையே, இருபத்தைந்துக்கும் மேற்பட்ட குடிகள் சிதறிக் கிடக்கின்றன. சொசைட்டிக்குடி, இட்டலிப்பாறைக்குடி, நூறடிக்குடி, ஆண்டவன்குடி, மீன்குத்திக்குடி, தேன்பாறைக்குடி, இருப்புக்கல்லுக்குடி என்று பெயர்களைக் கேட்டால் தேனி மாவட்டத்தில் எங்கோ இருப்பதுபோல் தோன்றும். இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா. ஒரு குடியிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு மலையை இறங்கி அடுத்ததில் ஏற வேண்டியிருக்கும். எல்லாக் குடியும் சேர்த்து 2,000-க்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். அத்தனை பேரும் முதுவர்கள்.

2010 வரை இது மூணாறு பஞ்சாயத்தின் ஒரு வார்டு. அந்த ஆண்டு தனியாகப் பிரித்து, கேரளத்தின் முதல் பழங்குடிக் கிராமப் பஞ்சாயத்து ஆக்கினார்கள். தலைவர், உறுப்பினர்கள், முத்திரை, நிதி எல்லாம் வந்தன. ஆனால் காட்டுக்குள் அலுவலகம் நடத்த வசதி இல்லை என்று பல ஆண்டுகள் பஞ்சாயத்து அலுவலகம் தேவிகுளத்திலேயே இயங்கியது. சொந்தப் பஞ்சாயத்தில் ஒரு சான்றிதழ் வாங்கக் காட்டைக் கடந்து பெட்டிமுடிக்கு ஏறி, ஜீப் பிடித்து மூணாறு வந்து, அங்கிருந்து தேவிகுளம் போக வேண்டும். ஊருக்குப் பஞ்சாயத்து கிடைத்தது, பஞ்சாயத்துக்குத்தான் ஊர் கிடைக்கவில்லை.

முதுவர்கள் தங்களை மதுரையிலிருந்து வந்தவர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அரசு வீழ்ந்தபோது மீனாட்சியின் திருவுருவத்தை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியதாக அவர்கள் கதை. சிலர் சுமந்தது கண்ணகியை என்பார்கள். 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளிலும் இவர்களைப் பற்றிய விரிவான பதிவு உண்டு. பேச்சு தமிழுக்கு மிக நெருக்கமானது. திருமணமாகாத இளைஞர்களை இளந்தாரி என்பார்கள், அவர்கள் இரவில் தங்கத் தனிச் சாவடி உண்டு. பெண்கள் குழந்தையைச் சேலையோடு சேர்த்து முதுகில் கட்டிக்கொண்டு ஏற்றம் ஏறுவார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் குரங்கணியை ஒட்டியும் வால்பாறை மலைகளிலும் இருப்பவர்கள் இவர்களுடைய உறவுமுறைதான். 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்று பெரிய போராட்டமே நடந்தது. முதுவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அவர்களுக்கும் தேயிலைக்கும் உள்ள தொடர்பு வேடிக்கையானது. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ இந்த மலைகளைப் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து குத்தகைக்கு வாங்கினார். அந்த மலைகளுக்குக் கண்ணன் தேவன் என்ற பெயர், வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டிய முதுவர் தலைவர்களால் வந்தது என்பார்கள். இன்றைக்கும் அந்தப் பெயர் தேயிலைப் பொட்டலத்தில் இருக்கிறது. தேயிலையை இறக்குவதற்காக 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாள வண்டி விட்டார்கள். 1908-இல் அதைக் குறும்பாதை ரயிலாகவே மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து போடிப் பக்கம் கொட்டகுடிக்குக் கம்பிவட ஊர்தி. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. ரயில் வந்து, ஓடி, அழிந்து நூறு ஆண்டு ஆன பிறகும், வழிகாட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் பெட்டிமுடியிலிருந்து சொசைட்டிக்குடிக்கு நடந்தே போய்க்கொண்டிருந்தார்கள். இது எட்டாத மலை, சாலை போட முடியாத இடம் என்று யாராவது சொன்னால் அந்த ரயிலை நினைத்துக்கொள்ளலாம். சரக்கு இருந்த திசையில் எல்லாம் வழி வந்தது. பெட்டிமுடிக்கு அப்பால் தேயிலை இல்லை.

அங்கே சாப்பிடுவதற்குக் கேழ்வரகும் நெல்லும் விளைவித்தார்கள். விற்பதற்கு ஏலக்காய். மரநிழலில், அதிக மருந்தில்லாமல் வளர்கிற ஏலம் என்பதால் அதற்கு நல்ல பெயர். அதைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கும் இருக்கிறது. எடை குறைவு, விலை அதிகம். தலையில் சுமந்துபோய் விற்றாலும் கட்டுப்படியாகிற பயிர் அதைவிட வேறு அதிகம் இல்லை. ஆனால் ஒருநாள் முழுக்கச் சுமந்து கொண்டுபோனதை, விலை படியவில்லை என்று திரும்பச் சுமந்துவர முடியாது. வியாபாரிக்கும் அது தெரியும்.

உள்ளே வருகிற பொருளுக்கு நேர்மாறான கணக்கு. எதை எடுத்தாலும் மூணாறு விலை ஒன்று, அதன்மேல் சுமைகூலி ஒன்று. அரிசி, உப்பு, சோப்பு, மாத்திரை, பள்ளிக்கூடத்துக்கு நாற்காலி எல்லாம் அப்படித்தான். சொசைட்டிக்குடிக்கு அந்தப் பெயரே அங்கே உள்ள கூட்டுறவுச் சங்கத்தின் கடையால் வந்தது. ரேஷன் அரிசி மானிய விலைதான், அதைப் பெட்டிமுடியிலிருந்து கொண்டுவருவதற்கு மானியம் போதாது. கோடையில் ஜீப்புகள் குலுங்கிக் குலுங்கி ஓரளவு உள்ளே வரும். தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் பாதை ஓடையாகிவிடும், அட்டை காலை விடாது, யானை எந்த வளைவில் நிற்கிறது என்று தெரியாது. அரசு வீடு கட்டப் பணம் கொடுக்கிறது, சமவெளிக் கணக்கில். ஒரு மூட்டை சிமென்டின் விலையைவிட அதைக் கொண்டுவந்து சேர்க்கும் கூலி அதிகமாகிவிடும் இடத்தில் அந்தப் பணம் அஸ்திவாரத்தோடு தீர்ந்துவிடுகிறது. ஈத்தை மூங்கிலும் மண்ணும் புல்லும் வைத்துக் கட்டின பழைய வீட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, எல்லாம் பக்கத்திலேயே கிடைத்தன. கான்கிரீட் வீடு தேவையா என்று நகரத்திலிருந்து கேட்பது எளிது. யானை இரவில் வந்து சுவரைத் தள்ளிப் பார்க்கும் இடத்தில் இருப்பவரிடம் அதைக் கேட்கக் கூடாது.

நோயாளியும் சுமைதான். கம்பில் துணியைத் தொட்டில்போல் கட்டி, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், மாற்றிப் பிடிக்க இன்னும் சிலர் என்று தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். குடியில் ஆண்கள் குறைவாக இருக்கும் நாளில் காய்ச்சல்கூட ஆபத்து. சமீப ஆண்டுகளில் சொசைட்டிக்குடியில் ஆரம்ப சுகாதார வசதி வந்திருக்கிறது. ஆனால் மருத்துவர் இருக்கும் இடத்துக்கு மற்றக் குடிகளிலிருந்து வந்து சேர வேண்டுமே.

பெண்களுக்கு இந்தத் தொலைவு வேறொரு வகையில் கூடுகிறது. மாதவிலக்கு நாட்களிலும் பிரசவத்துக்குப் பிறகும் அவர்கள் தங்குவது வீட்டில் அல்ல, வாலாய்மைப்புரை என்கிற தனிக்குடிசையில். மழைக்காலத்தில் பச்சைக் குழந்தையோடு அங்கே கிடப்பது என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அதிலிருந்து தப்பிக்கப் பல பெண்கள் கருத்தடை மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டு, விலக்கையே வராமல் தள்ளிப்போட்டார்கள். உடல் கெட்டு, குழந்தை தங்காமல் போகிறது என்று சுகாதாரப் பணியாளர்கள் கவலைப்பட்டார்கள். இதில் என்னை உறுத்துவது ஒன்று: உப்பும் சிமென்டும் வர முடியாத பாதையில் இந்த மாத்திரை மட்டும் தட்டில்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது. இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று முதுவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் அந்தக் குடிசைப் பக்கம் போவதில்லை. வரதட்சணை கிடையாது என்பதைச் சொல்வார்கள், அதுவும் உண்மைதான்.

பள்ளிக்கூடம் இருக்கிறது, மலையாளத்தில். வீட்டில் தமிழ் ஓசையோடு பேசி வளர்கிற ஆறு வயதுப் பிள்ளைக்கு வகுப்பில் முதல் நாளே இரண்டாவது மொழி. இங்கே உள்ள பள்ளியை முடித்தால் மேற்கொண்டு படிக்க மூணாறு, மறையூர்ப் பக்கத்து விடுதிகள். பாதியில் திரும்பிவிடுகிறவர்கள் ஏராளம். வருகிற ஆசிரியர்களில் பலர் மாற்றலுக்கு எழுதிப்போட்டுக் காத்திருப்பார்கள். காட்டுக்குள்ளேயே தங்கி, ஓராசிரியர் பள்ளியை ஆண்டுக்கணக்கில் நடத்தியவர்களும் உண்டு.

இந்த ஊரில்தான் சின்னத்தம்பியின் நூலகம் இருந்தது. இருப்புக்கல்லுக்குடியில் அவர் ஒரு தேநீர்க்கடை வைத்திருந்தார். மண்சுவர் குடிசை, பிஸ்கட், தீப்பெட்டி, கொஞ்சம் மளிகை. அதற்குள்ளே, இரண்டு சாக்குப் பையில், 160 புத்தகங்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் அங்கே நடந்துபோய் எழுதினார், அப்போது சின்னத்தம்பிக்கு 73 வயது. பஷீர், எம்.டி. வாசுதேவன் நாயர், கமலா தாஸ் எல்லாம் அந்தச் சாக்கில் இருந்தார்கள். சேருவதற்கு 25 ரூபாய், மாதம் 2 ரூபாய் சந்தா, யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்று ஒழுங்கான பதிவேடு. எடுத்துப் போய்ப் படித்தவற்றில் மலையாளத்தில் வந்த சிலப்பதிகாரமும் ஒன்று. மதுரையை எரித்த கதையை, மதுரையை விட்டு வந்ததாகச் சொல்லும் கூட்டம், மலையாளத்தில் வாங்கிப் படித்திருக்கிறது. நம் ஊர்களில் எத்தனை தேநீர்க்கடைகளில் சிலப்பதிகாரம் இரவல் போகிறது என்று கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒதுங்கியிருப்பதால் கிடைத்த லாபமும் ஒன்று உண்டு. கொரோனா காலத்தில் ஊர்க்கூட்டம் கூடி, வெளியாள் உள்ளே வரக் கூடாது, உள்ளே இருப்பவர் அவசியமில்லாமல் வெளியே போகக் கூடாது என்று முடிவெடுத்தது. சாமான் வாங்கப் போனவர்கள் திரும்பியதும் தனித்திருந்தார்கள். 2021 ஜூலை வரை, ஒன்றேகால் வருடத்துக்கும் மேலாக, அங்கே ஒருவருக்கும் தொற்று இல்லை.

அதே காலத்தில்தான் இடமலக்குடியின் வாசலில் ஒரு பேரழிவு நடந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி மலை சரிந்து, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் மேல் விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அவர்களில் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால் விடிந்த பிறகுதான் வெளியுலகுக்குச் செய்தி போனது. சாலை உள்ள பெட்டிமுடிக்கே இந்தக் கதி.

சாலை ஏன் இவ்வளவு தாமதம் என்றால் காட்டைக் கை காட்டுவார்கள். சட்டம் வழியை முழுக்க அடைக்கவில்லை. 2006 வன உரிமைச் சட்டம், கிராம சபை பரிந்துரைத்தால் சாலை, பள்ளி, மருத்துவமனை போன்ற பொதுத் தேவைகளுக்குக் காட்டு நிலம் ஒதுக்கலாம் என்கிறது. ஒவ்வொரு தேவைக்கும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல். மூன்று மீட்டர் அகலத்தில் போட்டால் ஒரு ஹெக்டேர் மூன்றேகால் கிலோமீட்டர் சொச்சத்தில் தீர்ந்துவிடும். மீதித் தூரத்துக்கு மறுபடி கோப்பு, மறுபடி ஆய்வு, மறுபடி மழைக்காலம். இருந்தும் இப்போது பெட்டிமுடியிலிருந்து கான்கிரீட் சாலை உள்ளே இறங்க ஆரம்பித்திருக்கிறது.

சாலை வந்தால் சுற்றுலாவும் வந்துவிடும், ரிசார்ட்காரர்கள் நுழைவார்கள், பண்பாடு கெட்டுவிடும் என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் வெளியார் உள்ளே போக முடியாது. அந்தத் தடை சாலைக்குப் பிறகும் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆளைத் தடுப்பதற்கு வாயிற்கதவு போதும், நோயாளியின் வண்டி ஏறும் பாதையை அதற்காக மறிக்க வேண்டியதில்லை.

எனக்கு உள்ள சந்தேகம் வேறு. சொசைட்டிக்குடிக்குச் சாலை சேர்ந்த அன்றைக்கு, இடமலக்குடிக்கே சாலை வந்துவிட்டது என்று எழுதி அரசாங்கம் கோப்பை மூடிவிடும். இருபத்துச் சொச்சம் குடிகள் அதற்குப் பின்னாலும் இருக்கின்றன. 2024 நாடாளுமன்றத் தேர்தலில், எழ முடியாமல் படுத்திருந்த 92 வயது முதியவர் ஒருவரின் வாக்கை வீட்டிலேயே பெற ஒன்பது அலுவலர்கள், அவர்களில் மூன்று பேர் பெண்கள், காட்டுக்குள் 18 கிலோமீட்டர் நடந்து நூறடிக்குடிக்குப் போனார்கள். நாடே பாராட்டியது, பாராட்ட வேண்டியதுதான். அந்த நூறடிக்குடிக்கு ஒரு நடைபாலமும் கழுதை போகிற அளவுக்காவது கல் பாவின பாதையும் வேண்டும். மாங்குளம் பக்கத்துக் குடிகளுக்கு மூணாறு சாலையால் பயன் இல்லை, அவர்களுக்கு மாங்குளத்துக்கே வழி வேண்டும். வடக்கு ஓரத்துக் குடிகளுக்குப் பக்கம் வால்பாறை. அங்கே பாதை போட இரண்டு மாநில வனத்துறைகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.