மிளகு தின்ற பிஸ்கட்

பூனைக்கும் கஞ்சாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். 2022 கோடையில் டொராண்டோவில் மகள் வீட்டில் தங்கியிருக்காவிட்டால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி செல்லும். அடுத்த ஆண்டே அதைச் சேர்த்த பிஸ்கட், சாக்லேட்டுக்கும் அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஒன்டாரியோவில் 19 வயது ஆனவர் யாரும் கடையில் வாங்கலாம். நம்மூரில் அந்தப் பேரைச் சத்தமாகச் சொன்னாலே பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும்!

மகள் வீட்டுப் பூனைக்குப் பெப்பர் என்று பெயர். எனக்கு அது மிளகுதான். ஒரு சனிக்கிழமை மாலை சோபாவிலிருந்து இறங்கும்போது தடுமாறியது. நாலு அடி வைத்தால் பின்னங்கால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்ணின் பாப்பா விரிந்து முழுக் கறுப்பாக இருந்தது. வாயோரம் எச்சில். தொட்டால் திடுக்கிட்டுச் சீறியது, அடுத்த நிமிடமே உட்கார்ந்தபடி தூங்கி வழிந்தது. பக்கவாதம் என்றே நினைத்தேன்.

அவசர மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் அம்மா சோதித்துப் பார்த்தார். உடல் சூடு குறைந்திருந்தது, நாடியும் மெதுவாக ஓடியது.

"வீட்டில் யாராவது கஞ்சா வைத்திருக்கிறீர்களா? எல்லோரிடமும் கேட்பதுதான்" என்றார்.

மகளுக்குச் சுருக்கென்றது. "எங்கள் வீட்டில் அதெல்லாம் கிடையாது" என்றாள். நானும் தலையாட்டினேன். பேரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்படியானால் தலையில் அடிபட்டதா, காரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸை நக்கியதா என்று பார்க்க வேண்டும் என்று டாக்டர் பரிசோதனைகளை எழுத ஆரம்பித்தார். ஆன்டிஃப்ரீஸ் குடித்த பூனையும் இப்படித்தான் தள்ளாடுமாம். அது சிறுநீரகத்தை அழித்துவிடும் விஷம்.

பேரன் என்னை வெளியே கூப்பிட்டான். "தாத்தா, என் பையில பிஸ்கட் இருந்துச்சு. பாதியைக் காணோம். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"அம்மாவை அப்புறம் பார்த்துக்கலாம். டாக்டர்கிட்ட இப்பவே போய்ச் சொல்லுடா."

சொன்னான். பையிலிருந்த உறையையும் எடுத்துக் காட்டினான். அதில் 10 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. 4 கிலோ பூனைக்கு அதில் பாதியே அதிகம். சாக்லேட் கலந்ததா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். சாக்லேட் தனியாகவே பூனைக்கு விஷமாம். நல்லவேளை, வெறும் வெண்ணெய் பிஸ்கட். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது, வெண்ணெய் வாசனைக்குத்தான் வந்திருக்கும் என்றார். போலீஸ் என்ற பேச்சே எழவில்லை.

இதற்கு மாற்று மருந்து கிடையாதாம். அரை மயக்கத்தில் இருக்கும் பூனையை வாந்தி எடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால் அதுவும் செய்யவில்லை. சலைன் ஏற்றி, கதகதப்பான விரிப்பில், சத்தமில்லாத இருட்டறையில் வைத்தார்கள். கஞ்சாவின் போதைச் சத்து கொழுப்பில் தங்கிவிடுவதால் தெளிய ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். பெரும்பாலும் பிழைத்துவிடும் என்றார். அந்தப் 'பெரும்பாலும்' என்னை இரவு முழுக்கத் தூங்கவிடவில்லை.

புகையும் ஆகாதாம். மூடிய அறையில் புகைத்தால் பூனை அதைச் சுவாசிக்கும், ரோமத்தில் படிவதையும் நக்கி உள்ளே தள்ளும்.

எனக்கு இன்னும் உறுத்துவது நான் தலையாட்டியதுதான். என் பேரன் பையில் என்ன இருந்தது என்று எனக்கு என்ன தெரியும்? குடும்ப மானம் என்று வாய் தானாக முந்திக்கொண்டது. பையன் பேசியிருக்காவிட்டால் தேவையில்லாத சோதனைகளில் அந்த ஜீவன் என்ன பாடுபட்டிருக்குமோ. பிள்ளைகள் வீட்டுக்கு வெளிநாடு போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவர் கேட்டால் கௌரவம் பார்க்காதீர்கள்.

திங்கட்கிழமை காலை மிளகு வீட்டுக்கு வந்தது. மகள் ஒரு வாரம் மகனோடு பேசவில்லை. மிளகு அன்று இரவே அவன் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டது.