பிழை நாணயமா, வெட்டிய நாணயமா?



"சார், இந்தக் காசு லட்சத்துக்குப் போகுமா?" என்று கேட்டு எனக்கு அடிக்கடி வாட்ஸ்அப்பில் படம் வருகிறது. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

2012 வைஷ்ணவ தேவி 5 ரூபாய், அரசு வெளியிட்ட நினைவு நாணயம். பிழை இல்லை. 9 கிராம் இருந்த பழைய 5 ரூபாய், 2007இல் 6 கிராம் எஃகு நாணயமாக மாறியதும் அரசு செய்த மாற்றம்தான். நாணயச்சாலைக்குள் தயாராகும்போதே தவறிப்போனதுதான் பிழை நாணயம். வெளியே வந்தபின் நசுங்கியதும் வெட்டுப்பட்டதும் வெறும் சேதம்.

கோவில்பதாகையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன மாதம் போன் செய்தார். அவரிடம் இருந்தது ஓரம் குறைந்த 1 ரூபாய். "3 லட்சம் தர்றாங்களாம் சார். பதிவுக் கட்டணம் 4,500 மட்டும் முதல்ல அனுப்பணுமாம்" என்றார். மகளின் காலேஜ் பீஸுக்கு வைத்திருந்த பணம் அது. "பணத்தை அனுப்பாதே, காசை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா" என்றேன்.

பூதக்கண்ணாடி வைத்து இருவரும் பார்த்தோம். நாணயம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் இதைக் கண்டுபிடிப்பது எளிது. நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுவார்கள். தகடு சரியாக நகராவிட்டால், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே அடுத்த வெட்டு விழும். அதனால் குறைந்த பகுதி பிறை போல வளைந்திருக்கும். பிறகு வில்லையைச் சுற்றிலும் அழுத்தி விளிம்பை எழுப்புவார்கள். குறை உள்ள பக்கத்தில் அழுத்தம் கிடைக்காததால், அதற்கு நேர் எதிர்ப் பக்க விளிம்பும் மங்கலாகவே இருக்கும். அதன்பிறகுதான் அச்சு விழும்.

அவர் காசில் எதிர்ப்பக்க விளிம்பு முழுசாக இருந்தது. குறைந்த இடத்தில் அரம் ராவிய கோடுகள் தெரிந்தன. யாரோ வெட்டிய காசு. அவர் முகம் வாடிவிட்டது, ஆனால் பீஸ் பணம் பத்திரமாக இருந்தது.

இன்னொரு வகையும் உண்டு. அடித்த நாணயம் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையின் ஒரு பக்கத்தில் அதே உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி, குழிவாக விழும். மறுபக்கம் தெளிவாக, மேடாக இருக்கும். இரண்டு காசுகளை வைஸில் நெருக்கிப் போலி செய்தால் மறுபக்கமும் நசுங்கியிருக்கும். இதைப் பார்த்தாலே போதும்.

எடையும் காந்தமும் உதவும். 1992இல் வந்த எஃகு 1 ரூபாய் 4.85 கிராம், காந்தத்தில் ஒட்டும். செம்பு-நிக்கல் 5 ரூபாய் ஒட்டாது. வேறு நாணயத்துக்கான வில்லையில் அடித்தது என்று யாராவது சொன்னால், தராசும் காந்தமும் பதில் சொல்லிவிடும்.

பழைய நாணயம் வாங்க, விற்கக் கட்டணமோ கமிஷனோ தாங்கள் கேட்பதில்லை, தங்கள் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதியும் கொடுக்கவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. உண்மையில் வாங்குகிறவன் காசைப் பார்த்துவிட்டு நமக்குப் பணம் தருவான். நம்மிடம் முன்பணம் கேட்கிறவன் வாங்க வந்தவன் இல்லை. ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் வெட்கப்படாமல் உடனே 1930க்கு போன் செய்யுங்கள்.

நிஜமான பிழை நாணயம் கையில் கிடைத்தால் புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பு வரும், மதிப்பு போய்விடும். ஒரு காகித உறையில் போட்டு வையுங்கள். சந்தேகம் இருந்தால் இரண்டு பக்கமும் விளிம்பும் தெரிகிற மாதிரி படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன். கட்டணம் கிடையாது!

அன்புடன்,
உங்கள் சார்