நாளைக்கு

பல வருஷங்களுக்கு முன் ஒரு மழைக்கால ராத்திரி. கொல்லையில் தவளைகள் ஊரையே தூக்கிக்கொண்டிருந்தன. தூக்கம் வரவில்லை. அலமாரியில் கைக்கு அகப்பட்ட புஸ்தகத்தை எடுத்துப் பிரித்தேன். பைபிள். பிரிந்த இடம் யாத்திராகமம், 8-ஆம் அதிகாரம். அங்கேயும் தவளைகள்!

எகிப்து தேசத்து ராஜா பார்வோனின் கட்டிலில் தவளை, அடுப்பில் தவளை, மாவு பிசைகிற தொட்டியில் தவளை. அரண்மனை மந்திரவாதிகள் தங்கள் சாமர்த்தியத்தைக் காட்ட முன்வருகிறார்கள். என்ன செய்தார்கள், தெரியுமா? அவர்களும் தவளைகளை வரவழைத்தார்கள்! இருப்பது போதாதென்று இன்னும் கொஞ்சம். போக்கடிக்கிற வித்தை அவர்களிடம் இல்லை. வேறு வழியில்லாமல் பார்வோன் மோசேயைக் கூப்பிட்டு, இவை தொலையும்படி உன் கடவுளை வேண்டிக்கொள் என்கிறான். எப்போது வேண்டிக்கொள்ளட்டும் என்று மோசே கேட்கிறார். அந்தக் கட்டிலில் நீங்கள் படுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? இந்த நிமிஷமே, ஐயா, என்றுதானே? பார்வோன் சொன்ன பதில், நாளைக்கு.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அது நின்றும் போயிற்று. ஏன் நின்றது என்பதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

அந்தக் கதையை அப்புறம் எத்தனையோ தடவை படித்துவிட்டேன். பத்து வாதைகள் என்றவுடன் இரத்தமாக மாறிய நைல் நதியும், வெட்டுக்கிளிப் படையும், கல்மழையும்தான் நம் கண்முன் வரும். கோபக்காரக் கடவுள் ஒருவர் தம் பலத்தைக் காட்டினார் என்றே நானும் வெகு நாள் எண்ணியிருந்தேன். ஆனால் இந்தக் கதை முழுவதும் தெரியும், தெரியாது என்ற இரண்டு வார்த்தைகளைச் சுற்றியே நடக்கிறது.

யோசேப்பைத் தெரியாத புதிய ராஜா ஒருவன் பட்டத்துக்கு வந்தான் என்பதுதான் துன்பத்துக்கெல்லாம் ஆரம்பம். பஞ்ச காலத்தில் எகிப்துக்குச் சோறு போட்டவர் யோசேப்பு. அவரைத் தெரியாதவனுக்கு அவருடைய ஜனங்கள் வெறும் செங்கல் அறுக்கிற கைகள். அவனுக்குப் பின் வந்த பார்வோனிடம் மோசே போய், எங்கள் ஜனங்களைப் போகவிடு, இது கடவுளின் கட்டளை என்கிறார். அந்தக் கடவுள் யார், எனக்கு அவரைத் தெரியாதே என்கிறான் பார்வோன். அதோடு நிற்கவில்லை. அடிமைகளுக்குக் கொடுத்துவந்த வைக்கோலை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கு மட்டும் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று உத்தரவு போடுகிறான்.

அவன் கேட்ட கேள்விக்குப் பதில்தான் பத்து வாதைகள். நான் யார் என்று நீ அறிந்துகொள்வாய் என்ற செய்தி நடுநடுவே திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அதற்கு முன்பே, வனாந்தரத்தில் மோசேயிடம் முதன்முதல் பேசும்போதே, அடிமைகளின் கூக்குரல் தமக்குக் கேட்டது, அவர்கள் படும் வேதனை தமக்குத் தெரியும் என்று கடவுள் சொல்லிவிடுகிறார். தம்மை அறியச் செய்வதற்கு முன்னால் அவர் அந்த ஏழைகளை அறிந்திருக்கிறார். இன்னொன்றும் கவனித்தேன். இத்தனை பெரிய ராஜாவின் சொந்தப் பெயரை அந்தப் புஸ்தகம் சொல்லவே இல்லை. அவன் வம்சத்தார் கொல்லச் சொன்ன ஆண் குழந்தைகளைக் கொல்லாமல் காப்பாற்றிய இரண்டு மருத்துவச்சிகளின் பெயரை மட்டும் மறக்காமல் சொல்லுகிறது: சிப்பிராள், பூவாள்.

கடவுள் யாருக்கு முதலில் தெரிந்தார்? மூன்றாவது வாதையிலேயே மந்திரவாதிகள் கையை விரித்துவிட்டு, இது தெய்வத்தின் செயல் என்று ஒப்புக்கொண்டார்கள். கல்மழை வருமுன் பார்வோனின் உத்தியோகஸ்தர்களில் சிலர் பயந்துபோய்த் தங்கள் வேலைக்காரரையும் ஆடுமாடுகளையும் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். வெட்டுக்கிளிகள் வருவதற்குள் மந்திரிகளே, எகிப்து பாழாய்ப் போனது இன்னுமா தெரியவில்லை என்று ராஜாவைக் கேட்டுவிட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்த பிறகுதான் ராஜாவுக்குத் தெரிகிறது.

அவனுக்கு அறிவு மட்டா? இல்லை. பாவம் செய்துவிட்டேன் என்று இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லுகிறான். சொல்லிக்கொண்டே பேரம் பேசுகிறான். பலியை இங்கேயே கொடுங்களேன். சரி, போங்கள், ரொம்ப தூரம் வேண்டாம். ஆண்பிள்ளைகள் மட்டும் போகட்டும். குழந்தைகளையும் அழைத்துக்கொள்ளுங்கள், ஆடுமாடுகள் இருக்கட்டும். கடவுளை வாயால் ஒத்துக்கொள்வது சுலபம். பிடித்த கையை விடுவதுதான் கஷ்டம். அவன் மனத்தைத் தாமே கடினப்படுத்தப் போவதாகக் கடவுள் முன்கூட்டியே சொல்லியிருந்தாலும், வாதைகள் நடக்கும்போது முதல் ஐந்து தடவையும் அவனுடைய மனம் கடினப்பட்டது என்றுதான் இருக்கிறது. கடவுள் கடினப்படுத்தினார் என்று வருவது ஆறாவதில். ஐந்து தடவை நாளைக்கு என்று சொன்னவனுக்கு ஆறாவது தடவை அதுவே சுபாவமாகிவிடும் போலிருக்கிறது.

பத்தாவது வாதையை என்னால் இன்றுவரை நிதானமாகப் படிக்க முடிவதில்லை. சிம்மாசனத்தில் இருக்கும் பார்வோனின் தலைச்சன் பிள்ளை முதல், எந்திரக்கல் சுற்றும் அடிமைப் பெண்ணின் தலைச்சன் பிள்ளை வரை எல்லாம் சாகின்றன. அந்தப் பெண் யாரைப் பிடித்து வைத்திருந்தாள்? அவளே பிடிபட்டவள் அல்லவா? யூதர்கள் பஸ்காப் பண்டிகையில் இந்தக் கதையைச் சொல்லும்போது ஒவ்வொரு வாதையின் பெயருக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டுத் திராட்சரசத்தை வெளியே எடுத்துவிடுவார்கள். பிறத்தியார் செத்ததனால் வந்த விடுதலையில் சந்தோஷக் கிண்ணம் நிறைந்திருக்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம் சொல்லுகிறார்கள். எந்திரக்கல்காரிக்கு அது பதிலாகாது. ஆனால் அவளை மறக்கவில்லை என்றாவது ஆகிறது. ஒருவன் நாளைக்கு என்று சொன்னால் அதற்குக் கூலி கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் வேறு யாரோதான்.

இப்போது சிரிப்பு நின்ற காரணத்துக்கு வருகிறேன்.

அந்த நாளில் எங்கள் வீட்டில் ஒரு பையன் வேலைக்கு இருந்தான். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். தண்ணீர் இறைப்பான், கடைக்குப் போவான், நான் எழுதும்போது கதவோரம் உட்கார்ந்திருப்பான். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டான். வீட்டில் விருந்தாளிகள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். மறுநாளும் கேட்டான், அதே பதில். மூன்றாவது தடவை கேட்டது அந்தத் தவளை ராத்திரிக்கு முந்திய சாயங்காலம். ஏழைகளின் கண்ணீரைப் பற்றி நான் ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்த சமயம் அது.

புஸ்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பையன் கூடத்தில் சுருண்டு படுத்திருந்தான். எழுப்பிச் சொல்லியிருக்கலாம். காலையில் அனுப்பிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டு விளக்கை அணைத்தேன். அப்போதும் நாளைக்குத்தான்.

விடிந்து பார்த்தபோது அவன் இல்லை. அண்டா, தவலை, குடம் எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் போயிருந்தான். இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் போகும்போது வெள்ளியும் பொன்னும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். இவன் அந்த மாசச் சம்பளத்தைக்கூடக் கேட்கவில்லை. திரும்பி வரவும் இல்லை.

ஒரு மாசம் காத்திருந்துவிட்டுப் பணத்தை மணியார்டரில் அனுப்பலாம் என்று தபாலாபீசுக்குப் போனேன். ஊரின் பெயர் எனக்குத் தெரியும். பாரத்தில் தொகையை எழுதினேன், ஊரை எழுதினேன். பெறுபவர் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. மூன்று வருஷமாக நாங்கள் எல்லாரும் அவனை "பையா" என்றே கூப்பிட்டு வந்திருக்கிறோம்.