கரவனெல்லவில் காயாத பச்சை

கரவனெல்லச் சந்தியில் ஹட்டன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை ஏழு மணிகூட ஆகவில்லை. ஐப்பசி மாதம். இரவு பெய்த மழை தார் ரோட்டில் இன்னும் பளபளத்துக்கொண்டிருந்தது. கேகாலையிலிருந்து புலத்கொஹுபிட்டிய வழியாக வரும் ரோடு இங்கேதான் வந்து சேர்கிறது. பக்கத்திலேயே களனி கங்கை. என் பையில் நீர்வர்ணப் பெட்டி, தடித்த காகிதம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையை நீர்வர்ணத்தில் தீட்டியவர்களின் படப் பிரதிகள் சில. இந்த ஊர் ஈரத்தோடு அவர்கள் எப்படி மல்லுக்கட்டியிருப்பார்கள் என்பதை அதே ஈரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து வானத்துக்கு ஒரு வெளிர்நீலம் பூசினேன். டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்து பார்த்தால் காகிதம் அப்படியே ஈரமாக இருக்கிறது. இங்கிலாந்துக்காரர்களின் முறை ஒரு பூச்சு காய்ந்த பிறகு அதன்மேல் அடுத்தது என்று அடுக்கிக்கொண்டு போவது. கரவனெல்லவில் அதற்குப் பொறுமை மட்டும் போதாது, வெயிலும் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ரீவ்ஸ் கம்பெனி விற்ற வர்ணங்கள் கெட்டியான கட்டிகள். 1830-களில் வின்சர் அன்ட் நியூட்டன் கிளிசரின் கலந்து, தொட்டதும் கரையும் வர்ணத்தைக் கொண்டுவந்தது. கிளிசரின் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். குளிர்நாட்டில் அது வரம், இங்கே வர்ணம் இறுகுவதே இல்லை. என் பெட்டியில் மஞ்சள் காவியின்மேல் பூஞ்சணம் பிடித்திருந்தது. காகிதத்துக்குப் பூசும் ஜெலட்டின் பசையும் இந்தப் புழுக்கத்தில் கெட்டு, தாளில் துருப்பொட்டுகள் விழும்.

இந்தக் கலையை இங்கே கொண்டுவந்தவர்களில் பட்டாளத்துக்காரர்களுக்குப் பெரும் பங்குண்டு. கேமரா வருவதற்கு முன்னால் மலை, ஆறு, கணவாய் எதையும் கையால்தான் பதிவுசெய்ய வேண்டும். இங்கிலாந்தின் ஊலிச் இராணுவக் கல்லூரியில் நீர்வர்ண ஓவியர் போல் சான்ட்பி 1768 முதல் பல்லாண்டு சித்திரம் கற்பித்ததும் அதற்காகத்தான். பக்கத்து ருவன்வெல்லவில் பிரித்தானியர் கட்டிய கோட்டையின் வாசல் இன்னும் நிற்கிறது. அந்த வழியாகப் போன அதிகாரிகளில் எத்தனை பேர் பையில் தூரிகை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தொழில்முறை ஓவியர்களில் முந்தியவர் சாமுவேல் டேனியல். இலங்கையின் காடுகளையும் விலங்குகளையும் 1808-இல் அச்சுப் படத் தொகுதியாக வெளியிட்டார். 1811-இல் இத்தீவிலேயே இறந்தார். ஆனால் என்னைப் பிடித்து வைத்திருப்பவர் ஆன்ட்ரூ நிக்கல். பெல்பாஸ்ட்காரர், 1804-இல் பிறந்தவர், அச்சகத்தில் தொழில் பழகியவர். 1846-இல் கொழும்பு அக்கடமிக்கு, அதாவது இன்றைய றோயல் கல்லூரிக்கு, சித்திர ஆசிரியராக வந்தார். குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் அவருடைய புரவலர். 1848-இல் கண்டிச் சீமையில் கலகம் வெடித்த சமயத்தில்தான் காடுகளினூடே ஐந்து வாரம் வரைந்துகொண்டு திரிந்தார். அந்த அனுபவத்தை 1852-இல் டப்ளின் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். டெனன்டின் புகழ்பெற்ற இலங்கை நூலிலும் நிக்கலின் கைவண்ணம் உண்டு.

அயர்லாந்தில் அவருக்குப் பேர் வாங்கித் தந்தவை பூப்படங்கள். முன்னால் புல்லும் காட்டுப் பூவும் நெருங்கி நிற்கும், அவற்றின் இடுக்கு வழியே தூரத்தில் கடலோ ஊரோ தெரியும். அந்த மெல்லிய தண்டுகளை அவர் வெள்ளை வர்ணத்தால் வரையவில்லை. இருட்டாகப் பூசிய காகிதத்தைக் கத்திமுனையால் சுரண்டி, அடியிலிருக்கும் வெள்ளையை வெளியே எடுத்தார். பிரதியில் இது அவ்வளவாகத் தெரியாது. மூலப் படத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் காகிதத்தின் காயம் கண்ணில் படும்.

ஆற்றை விட்டுத் தோட்டப் பாதையில் ஏறினேன். ஒரு வீட்டு வளவில் கொறக்கா மரம். மீன்குழம்புக்குப் புளிப்பு ஏற்றும் இதே கொறக்காவின் இனத்து மரங்கள் சில வடிக்கும் மஞ்சள் பிசின்தான் கம்போஜ் என்ற பழைய நீர்வர்ணம். அதில் பிரஷ்ய நீலத்தைக் கலந்தால் பச்சை. செடிகொடிகளை வரைந்த வில்லியம் ஹூக்கரின் பெயரால் இன்றும் கடையில் விற்கும் பச்சை, தொடக்கத்தில் இந்தக் கலவைதான். கலந்து பார்த்தேன். இறப்பர் இலைக்கு அது கொஞ்சம் அதிகப் பிரகாசம். ஒரு துளி செங்காவி சேர்த்ததும் அடங்கியது.

மேலே இறப்பர் மலை. மழை ஓய்ந்திருந்ததால் பால்வெட்டு நடந்துகொண்டிருந்தது. சேலைக்குமேல் சாக்கைக் கட்டியிருந்த ஒரு அக்கா, மரப்பட்டையைச் சாய்வாக மயிரிழை கனத்துக்குச் சீவினார். கறுத்த பட்டையில் வெள்ளைக் கோடு ஒன்று கிளம்பி, தகரத் துண்டு வழியாகச் சிரட்டையில் சொட்டியது.

"என்னங்க தம்பி, படம் கீறுறீங்களா?"

"ஆமாக்கா. மழை வந்தா என் தாள் கெட்டுப்போயிடும்."

"எங்களுக்கு மட்டும் என்ன? மழை பெஞ்சா பாலும் இல்ல, பேரும் இல்ல."

பேர் என்றால் அன்றைய நாட்கூலி. சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

பட்டையை அடர் பழுப்பால் பூசி, பேனாக்கத்தியால் சுரண்டினேன். நிக்கலின் வித்தை இந்தப் பால்கோட்டுக்கென்றே செய்ததுபோல் உட்கார்ந்தது. ஆனால் அவர் இறப்பரைப் பார்க்கவில்லை. அவர் ஊர் திரும்பிக் கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1876-இல்தான் ஹெனரத்கொடத் தாவரவியல் பூங்காவுக்கு இறப்பர் கன்றுகள் வந்து சேர்ந்தன.

மலையும் மரமும் இருக்கட்டும், அந்நாளில் மனிதர்களை யார் வரைந்தார்கள்? பாண்டிச்சேரியில் பிறந்து கொழும்பில் வாழ்ந்த இப்போலித் சில்வாப் வரைந்தார். ஒவ்வொரு சமூகத்தாரின் உடையும் நகையும் துல்லியமாக இருக்கும், பின்னணியோ அநேகமாக வெறுமை. ஆள் யார், என்ன வேலை செய்கிறான் என்பது இரண்டாம்பட்சம். பறங்கியரான ஜே.எல்.கே. வான்டோர்ட் இன்னும் உயிர்ப்பானவர். கோடு ஓடும், அதன்மேல் நீர்த்த வர்ணம் இலேசாகப் படியும். அவர் படம் போட்ட நகைச்சுவை ஏட்டின் பெயர் 'முனியாண்டி'. தோட்டத் தமிழனின் பெயர் அட்டைக்கு ஏறிவிட்டது, சிரிப்பதற்காக.

பிற்பகல் மறுபடி மழை. தேயிலை ஸ்டோர் மாதிரி உயர்ந்து நின்ற ஒரு கட்டடத் தாழ்வாரத்தில் ஒதுங்கியபோது வங்காளத்து அவனீந்திரநாத் தாகூர் நினைவுக்கு வந்தார். 1903-இல் கல்கத்தாவுக்கு வந்த யொக்கோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்ற ஜப்பானியர் இருவரின் பழக்கத்தில், தீட்டிய படத்தையே தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி தீட்டும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். விளிம்புகள் கரைந்து பனிமூட்டம் போலாகிவிடும். என்னைக் கேட்டால் கரவனெல்லவுக்கு ஏற்றது இதுதான். ஈரத்தோடு சண்டை போடாமல் அதையே கூட்டாளியாக்கிக்கொள்கிற முறை. தூரத்து மரங்களை ஈரத்தில் கரையவிட்டு, அருகிலிருக்கும் மரத்தைக் காய்ந்தபின் சுரண்டினால் வங்காளமும் பெல்பாஸ்டும் ஒரே தாளில் சேர்ந்துவிடும்.

தேயிலை மலை அஞ்சலட்டை தொடங்கி ஓவியக் கண்காட்சி வரைக்கும் போய்விட்டது. இறப்பர் மலைக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. நிழலும் இருட்டுமான இடம், நுளம்பு வேறு, சுற்றுலாக்காரர் நிற்பதில்லை.

வரைகிறவர்கள் தை கடைசியிலோ மாசியிலோ வாருங்கள். மழை குறையும், இறப்பர் இலை செம்பழுப்பாகி உதிரும், பச்சையோடு போராட வேண்டியதில்லை. பால் விடியற்காலையில்தான் நன்றாக ஓடும் என்பதால் ஏழு மணிக்குள் தோட்டத்தில் இருக்க வேண்டும். வர்ணத்தைக் கட்டியாகவே கொண்டுவாருங்கள், ஒரு பழைய கத்தியும் இருக்கட்டும். பால் வெட்டுகிறவரைக் கேட்டுக்கொண்டு, முகம் தெரியும்படி வரையுங்கள்.