மயிர் கட்டின தூண்டில்

'மயிர்' என்றதும் சிரிக்கிற ஆட்கள் இப்பவே சிரித்து முடியுங்கோ. நான் சொல்லுறது மானின் வால் மயிர்.

தூண்டில் முள்ளின் கழுத்தில் சின்ன ஈயக் குண்டு. அதுக்குப் பின்னால் கொஞ்ச மயிரை வைத்து நூலால் இறுக்கிச் சுத்தினால் சரி. புழுவும் வேண்டாம், இறாலும் வேண்டாம். இதை ஜிக் என்பார்கள். கடையில் வாங்கலாம். ஆனால் பல்லரோச் சந்தைக்குப் பின்னாலுள்ள எங்கட வீட்டில் அப்பா குசினி மேசையில் வைத்துத் தானே கட்டுவார்.

மீன் ஏன் இதைக் கடிக்குது? மான் மயிருக்குள்ளே காற்று இருக்கு. அதனால் விறைப்பாக விரிந்து நிற்கும். இழுத்தால் ஒடுங்கும், விட்டால் விரியும், மூச்சு விடுகிற மாதிரி. தங்கச்சியின் தலைமயிரையும் கட்டி வாளித் தண்ணீரில் விட்டுப் பார்த்தோம். நனைந்த நூல் மாதிரி ஒட்டிக்கொண்டு தொங்கிச்சு. அவளுக்குக் கொஞ்சம் கவலைதான்.

ஏறக்குறைய 1,800 வருசத்துக்கு முந்தியே ஏலியானுஸ் என்ற ரோமர் இப்படி ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். மக்கெதோனியாக்காரர் முள்ளில் சிவப்புக் கம்பளி சுத்தி, இரண்டு சேவல் இறகு வைத்து ஆற்றுமீன் பிடித்தார்களாம்.

அப்பாவின் ஊர் குருநகர். சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகத் தடை வந்த பிறகு வெளிக்கிட்டவர். இங்கே வீடுகள் துப்புரவாக்கிற வேலை. ஊரில் என்ன செய்தனீங்கள் என்று யாரும் கேட்டால் அம்மா முந்திக்கொண்டு "வியாபாரம்" என்பா. எங்கட ஆட்கள் சிலர் 'மீன்பிடிக்கிற ஆக்கள்' என்பதை ஒரு மாதிரி இழுத்துத்தான் சொல்லுவினம். உங்களில் சிலருக்கும் அந்த இழுவை தெரிந்திருக்கும்.

போன மாசியில் ஃபோரோ இத்தாலிகோ கரையில் பாறைகளில் நின்றோம். நான் அவசரமாகச் சுத்த, அப்பா கையைப் பிடித்தார்.

"தாழ விடு. நீ சும்மா நில், மயிர் தன்ர வேலையைச் செய்யும்."

மூன்றாம் தரம் ஒரு ஸ்பிகோலா ஏறியது. 25 சென்றிமீற்றருக்குக் குறைந்ததை வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். அப்பா சாணால் அளந்தார். இரண்டு விரல் போதாது. முள்ளைக் கழற்றி விட்டுவிட்டார்.

பக்கத்தில் நின்ற சிசிலிக் கிழவர் அப்பாவின் முடிச்சைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நீ கடல்காரனா?"

அப்பா இத்தாலியனில் சொன்னார்: "ஓம். என்ர அப்பாவும், அவற்ற அப்பாவும்."

பூட்டனைப் பற்றி நான் கேள்விப்பட்டது அன்றைக்குத்தான்.