பால்கோவா நிரபராதி

சில வருஷங்களுக்கு முன் ராஜபாளையத்தில் உறவில் ஒரு கல்யாணம். மதுரையிலிருந்து போகிற வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேனை நிறுத்தி, ஆளுக்கொரு பால்கோவா பாக்கெட் வாங்கிக்கொண்டோம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே சமாசாரம்தான்.

ராத்திரி 8 மணிக்குச் சாப்பாடு. 11 மணிக்கு மண்டபத்தின் பின்பக்கம் வரிசையாக வாந்தி. 70 வயசுப் பெரியம்மா மயங்கியே விழுந்துவிட்டார். "எல்லாம் வழியில வாங்கின பால்கோவா பண்ற வேலை!" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார் மாமா.

பெரியம்மாவுக்கு டிரிப்ஸ் ஏற்றிவிட்டு டாக்டர் 2 கேள்வி கேட்டார். "யார் யார் என்ன சாப்பிட்டீங்க? எத்தனை மணிக்கு?" பால்கோவாவைக் காலி செய்த வாண்டுகள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. பெரியம்மாவோ பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை. படுத்தவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது, மத்தியானம் மீந்த பால் பாயசம்.

"அதை மறுபடி கொதிக்க வெச்சுத்தானே டாக்டர் போட்டாங்க?" என்றேன்.

"கொதிச்சா கிருமி சாகும் சார். அது கக்கின விஷம் சாகாது."

அவர் சந்தேகப்பட்டது ஸ்டஃபைலோகாக்கஸ். நம் மூக்கிலும் விரல் புண்ணிலும் குடியிருக்கும் ஆசாமி. வெதுவெதுப்பான பாலில் சில மணி நேரம் கிடைத்தால் போதும், பெருகி விஷத்தைச் சேர்த்துவிடும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து 8 மணி நேரத்துக்குள் வாந்தி. சால்மோனெல்லா வேறு ரகம். வயிற்றுக்குள் போய்ப் பெருக வேண்டும் என்பதால் 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரை ஆகலாம். பெரும்பாலும் பேதியோடு காய்ச்சலும் சேரும்.

1914-ல் பிலிப்பைன்ஸில் பார்பர் என்ற விஞ்ஞானி ஒரு பண்ணைப் பாலைத் தானே குடித்துப் பார்த்திருக்கிறார். கறந்தவுடன் குடித்தால் ஒன்றுமில்லை. வெளியில் வைத்திருந்து குடித்தால் வாந்தி!

பால்கோவாவில் தண்ணீர் சுண்டி, சர்க்கரை சேர்வதால் கிருமிகள் பெருகுவது கொஞ்சம் சிரமம். அதற்காகத் திறந்துபோட்டு, கை வைத்து, நாள் கணக்கில் வைத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை.

மறுநாள் சமையல்காரரின் கட்டைவிரலைப் பார்த்தேன். புண், அதன்மேல் ஒரு கரித்துணி. பேண்டேஜ் துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டி பக்கத்தில்தான் இருக்கிறது!

மற்றவர்கள் ஒரே நாளில் எழுந்துவிட்டோம். பெரியம்மாவுக்கு 3 நாள் ஆயிற்று. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உடம்பில் நீர் வற்றுவதுதான் ஆபத்து. 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மயக்கம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

கடைசியாக ஒன்று. அன்று சாயங்காலம் பாயசத்தைக் கொட்டப் போனார்கள். "பாவம், எவ்வளவு பால்! சூடு பண்ணிப் போடுங்க" என்று தடுத்தவன் நான்தான்.

பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.